நாற்பத்தேழாம் எண் டப்பா

அந்த ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு குறுகலான அறை இருந்தது. சின்ன ஜன்னல் ஒன்று, எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் குளிர்பெட்டி ஒன்று, சுவரை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்கு இரண்டு பூட்டு. இரண்டுக்கும் சாவி வைத்திருந்தவன் முப்பத்திரண்டு வயது மருந்தாளன். எட்டு வருஷமாக அதே ஆஸ்பத்திரிதான். முதல் ஐந்து வருஷம் பொது மருந்தகத்தில் சீட்டு வாங்கி மாத்திரை கொடுத்தான். பிறகு மூன்று வருஷமாக இந்த அறையில், ஆய்வு மருந்துகளுக்குப் பொறுப்பு. வீட்டில் அக்காவோடும் அக்கா புருஷனோடும் இருந்தான். அதனால் நாமும் அவனைத் தம்பிக்காரன் என்றே சொல்லிக்கொள்வோம்.

அப்போது நடந்துகொண்டிருந்தது சிறுநீரக நோயாளிகளுக்கான ஓர் ஆய்வு. புதிதாக வந்த கேப்ஸ்யூல் ஒன்று, சிறுநீரகம் கெட்டுப்போகிற வேகத்தைக் குறைக்குமா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவு, உள்ளே வெறும் மாவு. வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்துவிட்டது. சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, பரிசோதிக்கிற டாக்டருக்கும் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியிலேயே தெரிந்தவன் ஒருத்தன்தான். டப்பாவில் அடைத்து எண் ஒட்டுகிறவனுக்குத் தெரியாமல் எப்படி முடியும்?

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜன்னலுக்குள் ஒரு கை சீட்டை நீட்டியது. எண் நாற்பத்தேழு, புதுச் சேர்க்கை. கையின் நகக்கண்ணெல்லாம் கிரீஸ். நிமிர்ந்து பார்த்தால் மாமா, அக்கா புருஷன், நிற்கிறார்.

"அட, மாப்ள! இந்த ஜன்னல்லயா உட்கார்ந்திருக்கே?"

மாமா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் தன் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கிற ஆள். சிறுநீரகத்தில் கோளாறு என்று தெரிந்து இரண்டு வருஷமாகிறது. அதையும், "ஃபில்டர் அடைச்சுக்கிச்சு, வேறொண்ணுமில்ல" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தம்பிக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மாமா, நீங்க எப்படி இதுல?"

"போன வாரம் டாக்டரம்மா கேட்டாங்க. யோசிச்சேன், சரின்னு கையெழுத்துப் போட்டேன். உங்க அக்காகிட்ட இன்னும் சொல்லல."

"ஆய்வுக் குழுவுல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. இல்லைன்னு டிக் பண்ணிட்டேன். நீ மாத்திரைதானே கொடுக்கறே, நீ எந்தக் குழு?"

மாமாவுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். தம்பிக்காரன் அலமாரியைத் திறந்தான். முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்த டப்பாவில் எண் ஒட்டியிருந்தான். பட்டியலில் எண்ணும் வயதும் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. நாற்பத்தேழு, வயது ஐம்பத்தொன்று என்று பார்த்துவிட்டு மாவு டப்பாவை எடுத்து வைத்தவன் அவனேதான்.

டப்பாவை நீட்டினான். மாமா அதைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விதி தெளிவாக எழுதி ஒட்டியிருந்தது. ஆய்வில் இருக்கிறவர் நெருங்கிய சொந்தமென்றால் அன்றைக்கே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். மாடியில், ஆய்வை நடத்துகிற பெரிய டாக்டரம்மாவின் அறை. ஏறினால் முப்பது படி. தம்பிக்காரன் அன்றைக்கு ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுக்கென்று படிப்புகள் உண்டு. அந்த வருஷத்துக்கான அறிவிப்பு வெளியாகி நாலு நாள்தான் ஆகியிருந்தது. இதுவரை அவற்றில் டாக்டர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மருந்தாளர், நர்ஸ், பரிசோதனைக்கூட ஊழியர் எல்லாரும் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். கடைசித் தேதிக்கு ஐந்து வாரம்.

ஆய்வின் கணக்குகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் "தசமம்" என்று பட்டப்பெயர். எந்த எண்ணையும் புள்ளிக்குப் பின் மூன்று இடம் வரை சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி. தம்பிக்காரனைவிட ஐந்து வயது சின்னவள், ஆனால் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு வந்தவள். மறுநாள் கேன்டீனில் அவளிடம் அறிவிப்பைக் காட்டினான்.

"மூணு வழி இருக்கு" என்றாள் தசமம். "ஒரு வருஷச் சான்றிதழ். சாயங்கால வகுப்பு, வேலையை விட வேண்டாம். அடுத்தவங்க எழுதின ஆய்வை ஒழுங்கா நடத்தச் சொல்லிக் கொடுப்பாங்க. ரெண்டாவது, ரெண்டு வருஷ முதுகலை, முழுநேரம். அதுல ஆய்வை நீங்களே எழுதக் கத்துக்குவீங்க. கேள்வியை எப்படிக் கேட்கணும், எத்தனை பேர் வேணும், எங்கே ஏமாந்து போவோம், எல்லாம். மூணாவது முனைவர் பட்டம். அது ஒரே கேள்வியோட அஞ்சு வருஷம் குடும்பம் நடத்தறது. கல்யாணமாச்சும் பரவாயில்ல, சண்டை போட்டா பதில் வரும்."

"எனக்கு எது சரிவரும்?"

"உங்களுக்குன்னு கேள்வி இருக்கா?"

இருந்தது. மாதாமாதம் திரும்பி வருகிற டப்பாக்களை எண்ணுவது அவன் வேலை. சிலது காலியாக வரும், சிலது பாதி நிறைந்து வரும். ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்களின் டப்பாவில்தான் அதிகம் மிச்சமிருக்கும். மனுஷர்கள் ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள், நிறுத்தியதை ஏன் மறைக்கிறார்கள் என்று மூன்று வருஷமாக அவனுக்குள் குடைந்துகொண்டிருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னான்.

தசமம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப முதுகலைதான். மொத்தமே ஆறு இடம். பெரிய டாக்டரம்மா கடிதம் இல்லாம உள்ளே எட்டிக்கூடப் பார்க்க முடியாது. போய்க் கேளுங்க."

போய்க் கேட்டான். பெரிய டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி அவனை ஒரு முறை பார்த்தார். "மூணு வருஷத்துல உன் அலமாரிக் கணக்குல ஒரு கேப்ஸ்யூல் குறைஞ்சதில்ல. எழுதறேன். கடைசி வாரம் ஞாபகப்படுத்து" என்றார்.

மாமா விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சாவியை வாங்கிக்கொள்வார், கடிதமும் போகும் என்று நினைத்தான். கடிதம் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே தவணை சொல்லிக்கொண்டு முப்பது படியும் இறங்கி வந்தான்.

வீட்டில் அதற்குள் குட்டு உடைந்திருந்தது.

அக்காக்காரி ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவள். பதினேழு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முகம் பார்த்தே பழகியவள். யார் எந்த ஊருக்குக் கேட்பார், யாரிடம் சில்லறை இருக்காது, யார் சண்டைக்கு வருவார் என்று வாயைத் திறக்குமுன் சொல்லிவிடுவாள். அவளிடம் பொய் சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

சாப்பாட்டு மேஜையில் டப்பா நடுநாயகமாக இருந்தது. மாமா அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்ப்பவர்போல் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல இருக்கறது மருந்தா, மாவாடா?" என்றாள் அக்கா.

"தெரியாதுக்கா."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதான் ஆய்வே."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். தம்பிக்காரன் தண்ணீர்க் குவளையைப் பார்த்தான். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் அவன் கால் வைத்த இடமெல்லாம் கண்ணிவெடி. மாமாவுக்கு அவன் ஒருநாள் தண்ணீர் ஊற்றினால், "என்னடா இன்னிக்கு இவ்வளவு கரிசனம்?" என்பாள். மாமாவின் ரத்த அழுத்தத்தை அவன் விசாரித்தால், "விசாரிக்கறியே, அப்ப மருந்து வேலை செய்யாதுன்னு தெரியுமா?" என்பாள். அன்பாக இருந்தாலும் தப்பு, சும்மா இருந்தாலும் தப்பு. சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய் விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்துவிடுவான். "நான் ஏன் மருத்துவ ஆய்வாளராக விரும்புகிறேன்" என்று இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். முதல் வரியை எழுதுவான், அடிப்பான். கூடத்தில் மாமா கேப்ஸ்யூலை விழுங்கித் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். மாவு. தினமும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தட்டாமல் சாப்பிட்டார் மனுஷர்.

நாலாவது வாரம் மாமாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். வியாழக்கிழமை முடிவு வந்தது. சிறுநீரகம் கெடக் கெட ஏறுகிற கிரியாட்டினின் எண், இரண்டேகாலாக இருந்தது, இரண்டேமுக்கால் ஆகியிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அக்காக்காரி வேலையிலிருந்து நேராக, சீருடையோடு, ஜன்னலுக்கு வந்தாள். வரிசை இல்லாத நேரம். பரிசோதனைத் தாளை ஜன்னல் கட்டையில் வைத்து ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"படி."

படித்தான்.

"உனக்குத் தெரியும்" என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. "முதல் நாளே தெரியும். நீ தண்ணியைப் பார்த்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன் கையால மாவை எடுத்து என் புருஷனுக்குக் கொடுத்திருக்கே."

"அக்கா, அப்படியெல்லாம் இல்ல…"

"இல்லைன்னு சொல்லு. என் கண்ணைப் பார்த்து, அவருக்குக் கொடுக்கறது மருந்துதான்னு சொல்லு. நான் இப்பவே போயிடறேன்."

மருந்து என்றாலும் ரகசியம் உடையும், மாவு என்றாலும் உடையும். தாளை அவள் பக்கமே திருப்பித் தள்ளினான்.

"ஒரு டப்பாவை மாத்தி வைக்க எவ்வளவு நேரம்டா ஆகும்? ஒரு நிமிஷம்? யாருக்குத் தெரியப் போகுது? நீ ஒருத்தன், நான் ஒருத்தி. நான் சாகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்." தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "திங்கக்கிழமை அடுத்த டப்பா வாங்க வருவாரு. நீயே முடிவு பண்ணிக்கோ."

அவள் போன பிறகு ஜன்னலைச் சாத்தினான். குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. திங்கட்கிழமைக்கான டப்பாக்களுக்கு எண் ஒட்டுகிற நாள். மேஜையில் பன்னிரண்டு டப்பாக்கள் வரிசையாக நின்றன. இடது பக்கம் மருந்து, வலது பக்கம் மாவு. நாற்பத்தேழாம் எண்ணை வலது பக்கத்தில் ஒரு டப்பாவில் ஒட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு விரல் நுனியில் தெரியும். எண்ணை உரித்து இடது பக்க டப்பாவில் ஒட்ட வேண்டும். மருந்தில் ஒரு டப்பா குறையும். மூடி உடைந்து ஈரம் பட்டுவிட்டது, அழித்துவிட்டேன் என்று எழுதினால் போதும். மாவில் ஒன்று மிஞ்சும், அதைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடலாம். மூன்று வருஷமாக ஒரு கேப்ஸ்யூல்கூடத் தவறாதவன் எழுதினால் யார் சந்தேகப்படுவார்கள்?

நகத்தால் ஓரத்தை நெம்பினான். பசை இன்னும் காயவில்லை. பாதி வரை சுலபமாக வந்தது. விரலில் ஒட்டிக்கொண்ட காகிதத்தோடு இடது கையை நீட்டி மருந்து டப்பா ஒன்றைத் தொட்டான்.

சில்லென்றிருந்தது. அப்படியே நின்றான். அக்கா முகம் ஞாபகம் வந்தது, இரண்டேமுக்கால் ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இந்த மருந்து நல்லதா? அவனுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது, பெரிய டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரியாததால்தானே இருநூறு பேர் வந்து டப்பா வாங்கிப் போகிறார்கள்? "மருந்து" என்று அவன் நாலு வாரமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த சொல்லே முந்திரிக்கொட்டைச் சொல். இருந்தாலும், அது நல்லதாகவே இருந்துவிட்டால்? எவ்வளவு நேரம் நின்றானோ, படிக்கட்டில் யாரோ இறங்கிவரும் செருப்புச் சத்தம் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டான். சத்தம் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது.

பாதி உரிந்த எண்ணோடு அந்த டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அலமாரியின் இரண்டு பூட்டையும் பூட்டினான். முப்பது படியும் ஏறினான்.

பெரிய டாக்டரம்மா கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "நல்ல நேரத்துக்கு வந்தே. உன் கடிதத்தைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."

"மேடம், எழுதறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்."

மேஜைமேல் டப்பாவை வைத்தான். நாற்பத்தேழு தன் அக்கா புருஷன் என்றான். முதல் நாளே தெரியும், கடிதத்துக்காக நாலு வாரம் மறைத்தேன் என்றான். அக்கா கேட்டதையும், எண்ணை உரித்ததையும், எங்கே நிறுத்தினேன் என்பதையும் சொன்னான். சொல்லி முடிக்கும்போது தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

பெரிய டாக்டரம்மா டப்பாவைத் தொடவில்லை. "அவங்க கேட்டப்போ, மாவுன்னு சொன்னியா?"

"சொல்லல. ஆனா என் முகத்துல படிச்சுட்டாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல, மேடம். அக்கா சொன்னாங்களான்னு தெரியாது."

கையை நீட்டினார். "சாவி."

இரண்டு சாவியையும் கொடுத்தான். அவர் தொலைபேசியை எடுத்து நெறிமுறைக் குழுவின் செயலாளரைக் கூப்பிட்டார். அவன் நின்றுகொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ பொது மருந்தகம். இந்த ஆய்வுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது."

"சரி மேடம்."

"கடிதம் எழுதறேன். இதையும் எழுதுவேன். நாலு வாரம் மறைச்சதையும் எழுதுவேன், நீயா வந்து சொன்னதையும் எழுதுவேன். அனுப்பறதா வேண்டாமா, இப்பவே சொல்லு."

"அனுப்புங்க மேடம்."

அன்று சாயங்காலமே அக்காக்காரிக்கு விஷயம் எட்டிவிட்டது. நெறிமுறைக் குழுவிலிருந்து மாமாவைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். தம்பிக்காரன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

மாமா மட்டும் பால்கனிக்குக் கூப்பிட்டார். "உங்க அக்கா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, பயப்படாதே. சொல்ல வந்தா. காதைப் பொத்திக்கிட்டேன்."

"மாமா, என் மேல கோபமில்லையா?"

"இருக்கு. நாலு வாரம் வீட்டுல திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டுத் திரிஞ்சியே, அதுக்கு." கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "லிஃப்ட் கேபிள் நல்லாயிருக்கான்னு எப்படிப் பார்ப்போம் தெரியுமா? எடையை ஏத்தித் தொங்க விடுவோம். அறுந்தா அறுந்துச்சுன்னு எழுதுவோம். எங்க சித்தப்பா வாங்கின கேபிளாச்சேன்னு எடையைக் குறைச்சு வெச்சா, அப்புறம் ஏறுறவன் சாவான். எனக்கு அது தெரியும். உங்க அக்கா அதைப் புரிஞ்சுக்கணும்னு இல்ல. அவளுக்கு நான் ஒருத்தன்தான் கணக்கு."

மாமா ஆய்வில் தொடர்ந்தார். குழு அவரிடம் திரும்பவும் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. ஜன்னலில் வேறொரு மருந்தாளர் வந்து உட்கார்ந்தார்.

மூன்று வாரம் கழித்து நேர்முகத் தேர்வு. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியையின் கையில் பெரிய டாக்டரம்மாவின் கடிதம். மருந்தை நிறுத்துகிறவர்களைப் பற்றி அவன் எழுதியிருந்ததை ஐந்து நிமிஷம் கேட்டார்கள். தலையாட்டினார்கள். அப்புறம் பேராசிரியை கடிதத்தை மேஜையில் வைத்து நேராக அவனைப் பார்த்தார்.

"எண்ணைப் பாதிதான் உரிச்சீங்க. ஏன் நிறுத்தினீங்க?"

அழகான பதில் ஒன்றைத் தசமம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அது வாயில் வரவில்லை.

"பயம் ஒரு காரணம். இன்னொண்ணு, அது மாமாவுக்கு நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியலைன்னு அப்பத்தான் உறைச்சுது."

ஓரத்தில் இருந்த தாடிக்காரர் கேட்டார். "அப்பத்தான் உறைச்சுதா? மூணு வருஷமா அந்த அறையில உட்கார்ந்திருக்கீங்களே."

"ஆமா சார். மத்தவங்களுக்குக் கொடுக்கும்போது தெரிஞ்சுது. வீட்டு ஆளுன்னதும் மறந்துபோச்சு."

மூன்றாமவர் எதையோ எழுதிக்கொண்டார். தாடிக்காரர் விடவில்லை. "நாலு வாரம் மறைச்சதுக்கும் மாமாதான் காரணமா?"

தம்பிக்காரன் காது சிவந்தது. "இல்ல சார். அது எனக்காக. இந்த நாற்காலியில உட்காரணும்னுதான்."

யாரும் சிரிக்கவில்லை. போகலாம் என்றார்கள்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. முழுநேர முதுகலைக்குத் தேர்வாகவில்லை. சான்றிதழ் படிப்பில் இடம் தருகிறோம். அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். தசமத்திடம் காட்டினான். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "கதவைச் சாத்திட்டாங்க, தாழ்ப்பாள் போடல" என்றாள். "சேருங்க. சாயங்கால வகுப்புல முதல் பாடமே உங்க கதைதான், பெயர் மட்டும் வேற."

சேர்ந்தான். பகலில் பொது மருந்தகத்தில் நின்றுகொண்டே வேலை. ஐந்தரைக்கு மேல் வகுப்பு. கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் நர்ஸ்கள். ஒருத்தர் மட்டும் பல் டாக்டர். வீட்டில் அக்கா அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பாள், பேச மாட்டாள். "உங்க மச்சினனைப் பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று அவன் காது கேட்கவே மாமாவிடம் சொல்வாள். மாமா, "மாப்ள, மேலிடத்து உத்தரவு" என்பார். இப்படியே ஏழு மாசம்.

எட்டாவது மாசத்தில் ஆய்வு திடீரென்று நின்றது. வெளியிலிருந்து கண்காணிக்கிற பாதுகாப்புக் குழு நடுவில் ஒருமுறை, யாருக்கு எது என்ற ரகசியப் பட்டியலைப் பிரித்துப் பார்த்திருக்கிறது. நிஜ மருந்து சாப்பிட்டவர்களில் பதினொரு பேருக்குக் கல்லீரல் வீங்கியிருந்தது. மாவு சாப்பிட்டவர்களில் ஒருத்தருக்கு. சிறுநீரகத்துக்காவது நன்மை உண்டா என்றால், ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லாரும் டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், யாருக்கு எது என்று கடிதம் வரும் என்று அறிவித்தார்கள்.

மாமாவின் கடிதம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அக்காக்காரிதான் பிரித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா எட்டிப் பார்த்து, "எட்டு மாசம் மாவையா தின்னேன்! எடை கூடினது இதாலதானா!" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

தம்பிக்காரன் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஏழெட்டு மாசத்துக்குப் பிறகு முதல் முறையாக நேராகப் பேசினாள்.

"நல்லவேளை நீ மாத்தலைன்னு நான் சொல்வேன்னு பார்க்கறியா?"

"இல்லக்கா."

"இது நல்லதா முடிஞ்சுது. அதனால நீ பண்ணது நல்லதுன்னு ஆயிடாது. அந்த மருந்து உண்மையிலேயே கேட்கிற மருந்தா இருந்திருந்தா? அப்பவும் இப்படித்தான் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பியா?"

தப்பிக்க இடம் வைத்துப் பதில் சொல்ல அவனுக்குத் தெரியும். சில மாசமாகச் சான்றிதழ் வகுப்புக்குப் போகிறவனுக்கு அதற்கெல்லாம் வார்த்தை உண்டு. ஆனால் எதிரில் இருப்பவள் முகம் படிக்கிறவள்.

"ஆமாக்கா. நின்னிருப்பேன்."

அக்கா கடிதத்தை மடித்தாள். "அப்படின்னா நான் செத்தாலும் உன்னோட பேசியிருக்க மாட்டேன்" என்றாள். கடிதத்தை உறைக்குள் திணித்துக்கொண்டே, "இப்பவும் பேசணும்னு இல்ல. அந்தக் கல்லீரல் கெட்டுப்போனவங்க எப்படி இருக்காங்களாம்?" என்று கேட்டாள்.

"ஒன்பது பேருக்குத் தேறிடுச்சு. ரெண்டு பேர் இன்னும் படுக்கையில."

"அவங்க வீட்டுல யாரும் டப்பா மாத்தச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பப் போனாள்.

மாமாவின் சிறுநீரகம் அதன் போக்கில் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. மறு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு என்றாகிவிட்டது. லிஃப்ட் ஏறி இறங்க முடியாது என்று கம்பெனி அவரைத் தொலைபேசியில் புகார் வாங்குகிற வேலைக்கு மாற்றியது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர்களைக் கதவு திறக்கிற வரை சிரிக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர்.

தம்பிக்காரன் அதே நீள மேஜைக்கு முன்னால் இரண்டாம் முறை போய் உட்கார்ந்தான். தாடிக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். இந்தத் தடவை டப்பாவைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. நாற்பது நிமிஷமும் அவன் கேள்வியையே குடைந்தார்கள். எத்தனை பேரைக் கேட்பாய், பொய் சொன்னால் எப்படிக் கண்டுபிடிப்பாய், கண்டுபிடித்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாய் என்று பிழிந்தெடுத்தார்கள். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆறு இடத்தில் ஐந்தாவதாக அவன் எண் வந்தது.

முதல் நாள் வகுப்புக்குக் கிளம்பும்போது அக்காக்காரி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷமா?" என்றாள்.

"ஆமாக்கா. முழுநேரம்."

"முடிச்சுட்டு வந்து வீட்டுல யாரையும் ஆய்வுல சேர்க்காதே" என்று சொல்லிவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனாள்.